ஓநாயைத் தனியாக வாங்க வேண்டும்

மாமனார்: மாப்பிள்ளை, அந்த ஆள் எதற்கு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான்? தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போகிறான். கடன் தொல்லையா?

மருமகன்: கடனெல்லாம் இல்லை மாமா. தன்னையே தேடிப் போகிறார்.

மாமனார்: தொலைந்தவனே தேடக் கிளம்பிவிட்டால், வீட்டுக்காரி யாரைக் காணோம் என்று புகார் கொடுப்பாள்?

மருமகன்: இது கார் விளம்பரம் மாமா.

மாமனார்: காரா? எங்கே? நான் பார்த்தது ஒரு பாலம், ஒரு மழை, மண்டியிட்டு மண்ணை முகர்ந்து பார்க்கிற ஒருத்தன், ஒரு ஓநாய். நான் ஆயுள் காப்பீடு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

மருமகன்: கடைசியில் அந்த வளைவில் வந்ததே, சிவப்பாக.

மாமனார்: நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது போய், எழுத்து வந்துவிட்டது. ‘நீயே பாதை.’ நான்தான் பாதை என்றால் என் மேலேயா ஓட்டப் போகிறான்?

மருமகன்: அது ஒரு உணர்வு. காரைக் காட்டிக் கார் விற்பதெல்லாம் பழைய காலம்.

மாமனார்: சரி, ஓநாய் எதற்கு?

மருமகன்: சுதந்திரம்.

மாமனார்: அதைப் பார்த்ததும் இவன் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்குகிறானே, அது?

மருமகன்: துணிச்சல்.

மாமனார்: அப்படியானால் காப்பீட்டு விளம்பரமேதான்.

மருமகன்: உங்களுக்கு இந்த மாதிரி விளம்பரம் பழக்கமில்லை மாமா. 1989-இல் அமெரிக்காவில் இன்ஃபினிட்டி காரை அறிமுகப்படுத்தியபோது பாறை, மரம், தண்ணீர் என்றுதான் காட்டினார்கள். கார் கண்ணிலேயே படாது.

மாமனார்: ஏன், காட்டினால் வாங்க மாட்டார்கள் என்று பயமா?

மருமகன்: 2024 நவம்பரில் ஜாகுவார்கூட அப்படித்தான். கலர் கலராக உடுத்தியவர்கள் லிஃப்டிலிருந்து இறங்கி வருவார்கள். கார் கிடையாது. அதைப் பார்த்து எலான் மஸ்க், ‘நீங்கள் கார் விற்கிறீர்களா?’ என்று கேட்டார்.

மாமனார்: ராக்கெட் விடுகிறவருக்கே புரியவில்லை. என்னிடம் பழக்கமில்லை என்கிறீர்கள்.

மருமகன்: இன்னொரு சமாச்சாரம் சொல்கிறேன். சில விளம்பரங்களில் ஓடுவது அந்தக் காரே இல்லை. 2016-இல் தி மில் என்ற நிறுவனம் பிளாக்பேர்ட் என்று ஒரு வண்டி செய்தது. நீளம், அகலம் எல்லாவற்றையும் கூட்டலாம், குறைக்கலாம். அதை ஓட்டிப் படம் எடுத்துக்கொண்டு, அதன் மேல் எந்தக் காரை வேண்டுமானாலும் கணினியில் போர்த்திவிடலாம்.

(இதைச் சொன்னபோது மருமகன் குரலில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அவரே செய்த வண்டி மாதிரி.)

மாமனார்: அப்போ இதில் நிஜமாக வந்தது ஓநாய் மட்டும்தானா?

மருமகன்: ஓநாயும் கணினியாக இருக்கலாம்.

மாமனார்: அந்த மழை?

மருமகன்: மழையே வேண்டாம் மாமா. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து சாலையை நனைத்துவிடுவார்கள். நனைந்தால்தான் தார் கறுப்பாகத் தெரியும், விளக்கு வெளிச்சம் மினுங்கும்.

மாமனார்: ஈரத்தில் மெதுவாகப் போ என்று சொல்லிக்கொடுத்துத்தான் லைசென்ஸ் தருகிறார்கள். இவன் ஈரமாக்கிவிட்டுப் பறக்கிறான். சரி, கீழே பொடி எழுத்தில் ஏதோ ஓடியதே, அதை நிறுத்துங்கள் பார்ப்போம்.

(மருமகன் பின்னால் ஓட்டி நிறுத்துகிறார். மாமனார் எழுந்து போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் குனிந்து படிக்கிறார். மூச்சுக்காற்றில் திரை மங்க, துண்டால் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறார்.)

மாமனார்: ‘தேர்ந்த ஓட்டுநரால், மூடப்பட்ட சாலையில் ஓட்டப்பட்டது. நீங்கள் முயல வேண்டாம். மைலேஜ், சோதனைச் சூழலில் கணக்கிடப்பட்டது. நிறம் மாறுபடலாம். காட்டப்படும் பாகங்கள் எல்லா மாடல்களிலும் வராது.’ மாப்பிள்ளை, இந்த எழுத்தை எழுதியவன் யார்?

மருமகன்: வக்கீலாக இருக்கும்.

மாமனார்: அவன் ஒருத்தன்தான் இதில் காரைப் பற்றிப் பேசியிருக்கிறான். மேலே ஒருவன் ‘நீயே பாதை’ என்று திரை கொள்ளாமல் எழுதுகிறான். கீழே இவன் ‘பாதையை அடைத்தாயிற்று, நீ வராதே’ என்கிறான். ஒரே கம்பெனி!

மருமகன்: எல்லா விளம்பரத்திலும் போடுவதுதான்.

மாமனார்: பாகங்கள் எல்லா மாடல்களிலும் வராது என்றால், ஓநாயைத் தனியாக வாங்க வேண்டுமா?

மருமகன்: ஓநாயை விடுங்கள் மாமா!

மாமனார்: நான் விட்டுவிடுவேன், அது அவனை விடுமா? கீழே இறங்கியிருக்கிறானே.

மருமகன்: ஒரு விளம்பரத்துக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்?

மாமனார்: அந்தச் சாலையில் வேறு வண்டி ஏதாவது இருந்ததா, சொல்லுங்கள். எந்தக் கார் விளம்பரத்திலும் இருக்காது. சிக்னல் இருக்காது, முன்னால் புகை விடுகிற லாரி இருக்காது, நிறுத்த இடம் தேடி மூன்றாவது சுற்று வருகிறவன் இருக்க மாட்டான். காசு கொடுத்தால் கார் கிடைத்துவிடும், காலிச் சாலை எங்கே கிடைக்கும்? கிடைக்காததைக் காட்டிக் கிடைப்பதை விற்கிறான். அதை நம்பி வாங்குகிற ஒவ்வொருத்தனும் இருக்கிற சாலையில் இன்னும் ஒரு கார் நீளத்தை அடைக்கிறான்.

(மருமகன் ரிமோட்டின் மூடியைத் திறந்து பேட்டரியைப் பார்க்கிறார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.)

மருமகன்: அந்தக் காருக்குத்தான் முன்பணம் கட்டியிருக்கிறேன் மாமா.

மாமனார்: நல்லது. ஸ்டெப்னி உண்டா?

மருமகன்: பஞ்சர் கிட் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

மாமனார்: பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு முழங்கால் இடிக்குமா?

மருமகன்: உட்கார்ந்து பார்க்கவில்லை.

மாமனார்: டிக்கியில் இரண்டு பெட்டி போகுமா?

மருமகன்: அவர்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள்.

மாமனார்: அப்போ எதைப் பார்த்துதான் பணம் கட்டினீர்கள்?

மருமகன்: அந்தச் சிவப்பு.

மாமனார்: மாறுபடலாமாம்.