அலமாரிக் கதவில் ஏறாத கொடி

சமையலறை அலமாரிக் கதவுகளில் கையால் பூவும் கொடியும் வரைவது இரண்டு நாள் வேலை என்று முதலில் சொன்னவர் தூரிகையைத் தொட்டே இருக்கமாட்டார். வரைவதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆனது. அதற்கு முன்னால், கண்ணுக்கே தெரியாமல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஒற்றியெடுத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிக் காயவைப்பதற்குள் மூன்று நாட்கள் ஓடிவிட்டன. அப்படியும் கைப்பிடியைச் சுற்றிய பகுதியை, அதாவது எல்லோருடைய விரலும் படுகிற அந்த இடத்தை, அரைகுறையாகத் துடைத்திருக்கிறேன் என்பது, கரைக்கோட்டுக்காக ஒட்டிய நாடாவை உரித்தபோது ஓர் இலை முழுதாக அதனோடு வந்த பிறகே தெரிந்தது.

இரட்டைக் கதவு தனி வதை. இடப்பக்கக் கொடியைப் படியெடுத்துத் திருப்பிப்போட்டு வரைந்தும், மூடிப் பார்த்தால் வலப்பக்கக் கொடி சற்றே இறங்கி நிற்கிறது. கீலைத் திருகிக் கொடியை நேராக்கினால் கதவு கோணுகிறது.

அதுவாவது போகட்டும். அக்ரிலிக் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு விரைவில் காய்ந்துவிடுகிறது என்பதை நம்பி, முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகலாம் என்பதை மறந்து, மறுநாளே மூடிவைத்ததால் இரு விளிம்புகளும் ஒட்டிக்கொண்டன. வெள்ளைப் பூக்களின்மேல் எண்ணெய் சார்ந்த வார்னிஷைப் பூசினால் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதை டப்பாவின் அடியில் எறும்பளவு எழுத்தில் அச்சிட்டவரை என்ன சொல்வது?

இவ்வளவுக்கும் பிறகு, வருகிற ஒவ்வொருவரும் கதவைப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்படமா?" என்று கேட்கிறார்கள்.