பென்சிலில் எழுதிய டூட்டி லிஸ்ட்

14 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். வார்டில் ஒரு நர்ஸ் எப்படி வேலை பார்க்கிறார் என்பதில் பாதி, வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. இதை அடித்துச் சொல்வேன்.

முதலில் நான் இருந்த தனியார் மருத்துவமனையில் டூட்டி லிஸ்ட் சனிக்கிழமை மாலை சுவரில் ஒட்டப்படும். பேனாவில் எழுதி, கையெழுத்தும் போட்டாகிவிட்டிருக்கும். கைக்குழந்தைக்காரிக்குத் தொடர்ந்து ஆறு நைட். கேட்டால் இன்சார்ஜ் சொல்வது, "முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போ." அவர் திறமைசாலி. நோயாளிக்கு மூச்சு நின்றால் அவர் குரலுக்கு வார்டே ஓடும். அந்த நேரத்தில் உட்கார்ந்து கலந்து பேச முடியாது, சரி. டூட்டி லிஸ்ட்டையும் அதே குரலில் போட்டதுதான் தப்பு.

அங்கே ஒருநாள் ஒரு ஆன்டிபயாடிக் டோஸ் விட்டுப்போனது. விட்ட பெண் எங்கள் மூன்று பேரிடம் அழுதுகொண்டே சொன்னாள்; இன்சார்ஜிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அரை மணிக்கொரு தரம் போய் அந்தப் பெரியவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் வேறு இடம், வேறு இன்சார்ஜ். இந்த அக்கா லிஸ்ட்டைப் பென்சிலில் எழுதி வியாழக்கிழமையே மேஜையில் வைத்துவிடுவார். "மாத்திக்கணும்னா உங்களுக்குள்ள பேசிக்குங்க, நாளைக்குப் பேனாவுல எழுதிடுவேன்" என்பார். கேட்டதெல்லாம் கிடைக்காது; ஏன் கிடைக்கவில்லை என்று கூப்பிட்டுச் சொல்வார். அங்கே தப்பு நடந்தால் நாங்கள் முதலில் ஓடியது அவரிடம்தான்.

எல்லாவற்றுக்கும் "நீங்களே பார்த்துக்குங்க" என்று விலகிக்கொள்ளும் இன்சார்ஜையும் பார்த்திருக்கிறேன். அங்கே வாய் பெரிதாக உள்ளவருக்கு மட்டும் நைட் வராது.

அமெரிக்காவில் நர்ஸ் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்திலும் ஆட்கள் விட்டுப் போகாத 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு, 1983-இல் ஓர் ஆய்வு வெளியானது. முடிவெடுப்பதில் நர்ஸ்களின் பேச்சுக்கும் இடம் இருந்தது அங்கெல்லாம் தெரிந்த முக்கியமான ஒற்றுமை.

"இங்கே ஆளே இல்லையே" என்பார்கள். உண்மைதான். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். இருபது பேரைத் தனியாகப் பார்த்த இரவுகள் எனக்கு உண்டு. ஆளைக் கூட்ட இன்சார்ஜால் முடியாது. இருக்கிற நாலு பேரைக் கேட்டுவிட்டு லிஸ்ட் போட முடியும்.

சீனியாரிட்டி பார்த்து ஒருநாள் காலையில் அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்து, இனி நீதான் இன்சார்ஜ் என்கிறார்கள். ஊசி போட மூன்று நாலு வருஷம் படிக்க வைத்தவர்கள், டூட்டி போடவும் ஒரு வாரமாவது சொல்லிக்கொடுக்கட்டும்.