ஃபிடில் வில்லைப் பற்றி ஒரு வரி கூடவா இல்லை?

அந்தப் பதிவை எல்லாரும் படித்திருப்பீர்கள். பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார்கள், அதனால் லிங்க் போடவில்லை. ஃபிடில் (அதாவது வயலின்) வாசித்துக்கொண்டே பாடும் இங்கிலாந்து நாட்டுப்புறக் கலைஞர் எலைசா கார்த்தியின் முதல் தனி ஆல்பத்துக்கு, 1996இல் வந்த 'ஹீட் லைட் அண்ட் சவுண்ட்' ஆல்பத்துக்கு, இத்தனை வருஷம் கழித்து ஒரு விமர்சனம். முதல் பத்தியில் அப்பா மார்ட்டின் கார்த்தி. அடுத்ததில் அம்மா நார்மா வாட்டர்சன். இரண்டு பேருமே பேர்பெற்ற நாட்டுப்புறப் பாடகர்கள். அப்புறம் முடிக்கு அடித்த சாயம். கடைசியில் 'வாரிசு இசை' என்று ஒரு தத்துவம். முடிந்தது.

ஃபிடில் எங்கே சார்? ஃபிடிலும் பாட்டும்தானே ஆல்பம்? வில்லைப் பற்றி ஒரு வரி இல்லையே!

வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு வாயைத் திறந்து பாடிப் பாருங்கள். கர்நாடக சங்கீதத்தில் உட்கார்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்து நாட்டுப்புற இசையில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். தாடையை விட்டால் கருவி ஆடும், விடாவிட்டால் குரல் நெரியும். அந்தப் பெண் இரண்டையும் சேர்த்தே செய்கிறாள். ஆட்டத்துக்கான மெட்டு என்றால், காலை எங்கே தூக்குவது என்று ஆடுகிறவருக்கு வில்தான் சொல்ல வேண்டும். எங்கே அழுத்துகிறாள், எங்கே விட்டுவிடுகிறாள் என்று எழுதியிருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுதியிருக்கலாம். திட்டுவதற்கும் கேட்டிருக்க வேண்டுமே.

"அப்பா அம்மா இல்லாமல் அந்த வாய்ப்பு வந்திருக்குமா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். வந்திருக்காதுதான். பெற்றோர் பாடிய அதே டாபிக் இசைத்தட்டு நிறுவனம்தான் மகளின் ஆல்பத்தையும் வெளியிட்டது. யார்க்‌ஷர் கடலோரத்தில், பாட்டு நிற்காத வீட்டில் வளர்ந்தவள். ஒப்புக்கொள்கிறேன், போதுமா? ஆனால் நிறுவனம் ஆல்பம்தான் போடும், வில்லைப் பிடித்து இழுக்காது. பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் 1998இல் அவளுடைய 'ரெட் ரைஸ்' ஆல்பம் இருந்தது, 2003இல் 'ஆங்கிலிக்கானா' இருந்தது. இரண்டு தடவையும் அப்பாதான் போன் போட்டுச் சொல்லிவைத்தாரா? இன்னொன்று. மகளின் முதல் தனி ஆல்பம் வந்த அதே 1996இல்தான் அம்மாவின் முதல் தனி ஆல்பமும் வந்தது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அதுவும் மெர்க்குரி பட்டியலில் ஏறியது. நார்மாவை யாருடைய வாரிசு என்று எழுதுவீர்கள்?

முடிச் சாயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கும் இந்த நோய் இருந்தது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் கம்பளிச் சட்டை, தாடி, காதில் விரலை வைத்துக்கொண்டு பாடுவது என்று ஒரு கேலிச் சித்திரம் வைத்திருந்தார்கள். அதில் கலர் முடியோடு ஒரு இளம்பெண் வந்து நின்றதும் பேனா முடியிலேயே சிக்கிக்கொண்டது. அவர்களுக்காவது அது அன்றைய செய்தி. உங்களுக்கு என்ன சார் அவசரம்?

"மரபை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு அண்ணன் கொதித்திருந்தார். அண்ணே, மார்ட்டின் கார்த்தியே 1970இல் 'ஸ்டீலை ஸ்பான்' என்ற நாட்டுப்புற ராக் குழுவில் சேர்ந்து எலக்ட்ரிக் கிடார் வாசித்தவர். அவருடைய மகளிடம் போய் மரபு வகுப்பு எடுக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் மகள் ஃபிடில் வாசிக்கிறாள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவள், இந்த ஊர் மெட்டுகள்தான் அவளுக்குக் கை வரும். போன வருஷம் ஒரு பப்பின் மாடியறையில் வாசித்தாள். நடுவில் ஒரு தந்தி அறுந்து விட்டது. நிறுத்தவில்லை. மிச்சம் மூன்று தந்தியில் விரலை மாற்றி மாற்றி வைத்து மெட்டை முடித்தாள். ஒரு உள்ளூர்ச் செய்திமடலில் அதைப் பற்றி எழுதினார்கள். பெற்றோர் எந்த நாடு, அவள் போட்டிருந்த கம்மல் என்ன நிறம், 'இந்த இசை இவளுக்கு எப்படி வந்தது' என்ற வியப்பு, எல்லாம் இருந்தது. தந்தி அறுந்தது இல்லை. மெட்டின் பெயர்கூட இல்லை. அவள் அதை மடித்து ஃபிடில் பெட்டியில் வைத்துக்கொண்டாள், பெருமையாக. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"பாராட்டித்தானே எழுதினார்கள்?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவரிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

எலைசாவுக்குக் குடும்பம், என் பெண்ணுக்குத் தோலின் நிறம். இரண்டும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள், ஒன்றில்லைதான், அவள் எங்கே, இவள் எங்கே. வாசித்ததைக் கேட்காமல் வாசித்தவளைப் பார்த்துவிட்டு எழுதுகிற அந்தச் சோம்பேறித்தனம் மட்டும் ஒன்றேதான்.

இன்பாக்ஸில் வந்து "விடுங்க அக்கா, அவர் நல்ல மனுஷர்" என்று சொல்லப் போகிறவர்களுக்கு: நல்ல மனுஷராகவே இருக்கட்டும். அவர் பதிவுக்கு ஹார்ட் போட்டவர்கள் யாராவது அந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருந்தால் கீழே வந்து சொல்லுங்கள். கேட்காதவர்கள் தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம், டெலிட் செய்துவிடுவேன்.