பீவரை எண்ணத் தெரிந்தவர்கள் கையில் காடு இருக்கட்டும்

ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு படம் முகநூலில் சுற்றுக்கு வந்துவிடும். பல் வைத்த இரும்புப் பொறியில் கால் மாட்டிய நரி, பனியில் ரத்தம், கீழே "ஃபர் (மயிரோடு பதப்படுத்திய விலங்குத் தோல்) வாங்காதீர்கள்" என்று ஒரு வரி. பகிர்கிறவர்களின் இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். தோலுக்காக மிங்க் என்ற சிறு விலங்கைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளை மூட வேண்டும் என்பதுதான் என் நிலையும். ஆனால் அதே படத்தின் கீழே, "காட்டில் பொறி வைக்கிற பழங்குடிகளும் வேறு பிழைப்புப் பார்க்கட்டும்" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் பீவர், அதாவது மரத்தைக் கடித்து வெட்டி ஓடையில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கு, இன்றைக்கு உயிரோடு இருப்பதே அந்தப் பொறிக்காரர்களால்தான்.

கியூபெக் மாகாணத்தின் வடக்கே, விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருப்பவர்கள் கிரீ மக்கள். தங்கள் நிலத்தை அவர்கள் ஈயூ இஸ்ச்சீ என்பார்கள். 1670-இல் அரச சாசனம் வாங்கிய ஹட்சன் பே கம்பெனி அங்கே தேடிப் போனது பீவர் தோலைத்தான். பீவரின் நீண்ட மேல்மயிருக்கு அடியில் பஞ்சுபோல அடர்ந்த இன்னொரு மயிர் உண்டு. அதை அழுத்திச் செய்த தொப்பிக்கு ஐரோப்பாவில் அவ்வளவு கிராக்கி. துப்பாக்கி, கம்பளி, கெண்டி எதை வாங்கினாலும் விலை பீவர் தோல் கணக்கில்தான். இடையிடையே தட்டுப்பாடு வந்தது, மீண்டும் தேறியது. அடியோடு சரிந்தது 1920களில். முதல் உலகப் போருக்குப் பிறகு தோல் விலை ஏறியது. தெற்கிலிருந்து ரயில் பாதை வந்துவிட்டது. அந்த நிலத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஆட்கள் ரயிலில் வந்து இறங்கி, ஓர் ஓடையை வழித்துத் துடைத்துவிட்டு அடுத்த ஓடைக்குப் போனார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பீவர் குடிலில் (கொப்பும் சேறும் கொண்டு பீவர் தண்ணீரில் கட்டும் வீடு) ஒரு ஜோடியை விட்டுவைக்கிறீர்கள் என்றால், அடுத்த வருஷம் அதன் குட்டிகள் உங்கள் ஓடையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் விடுகிறீர்கள். நீங்கள் விட்டதை நாளைக்கே வெளியாள் எடுத்துப் போய்விடுவான் என்று ஆகிவிட்டால், விடுவதில் என்ன பொருள்? கிரீ வேட்டைக்காரர்களும் கிடைத்ததை எடுக்கத் தொடங்கினார்கள். 1930 வாக்கில் பீவர் அநேகமாக இல்லை. பீவர் கறியும் இல்லை, தோல் விற்று மாவு வாங்கவும் வழியில்லை. பசியால் ஆட்கள் செத்தார்கள்.

மீண்டது எப்படி? ரூப்பர்ட் ஹவுஸ் என்ற ஊரில் (இப்போது வாஸ்ககனிஷ்) கம்பெனிக் கிடங்கை நடத்திய ஜேம்ஸ் வாட், எஞ்சியிருந்த பீவர்களைக் கொல்லாமல் விடச் சொல்லி வேட்டைக்காரர்களுக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். அவர் மனைவி மாட் வாட் கியூபெக் நகரம் வரை போய் அரசிடம் வாதாடினார். 1932-இல் சுமார் 7,200 சதுர மைல் காப்புநிலமாக ஒதுக்கப்பட்டது. வெளியாருக்குத் தடை, உள்ளூராருக்கும் சில ஆண்டுகள் பொறி நிறுத்தம். வாட் தம்பதியின் பெயரைப் பலரும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் பட்டினி கிடந்துகொண்டே கண்முன் இருந்த பீவரைத் தொடாமல் விட்டது கிரீ குடும்பங்கள். குடில் குடிலாக நடந்து எண்ணியதும் அவர்கள்தான். ஒவ்வொரு வேட்டை எல்லைக்கும் பொறுப்பான மூத்தவர் குடில்களை எண்ணிக் கணக்குக் கொடுத்ததால் அவருக்கு ஆங்கிலத்தில் டாலிமேன் என்று பெயர் வந்தது, நம் வாயில் கணக்குப்பிள்ளை. ஆனால் அந்தப் பொறுப்பு அதற்கும் முன்பே இருந்தது. இன்ன ஓடையில் இந்த வருஷம் யார் வேட்டையாடலாம், எது ஓய்வில் கிடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். இப்படி ஏறத்தாழ 300 வேட்டை எல்லைகள் இன்றும் இருக்கின்றன.

எண்ணுவது என்றால் சும்மா தலையெண்ணுவது இல்லை. இலையுதிர் காலத்தில், தண்ணீர் உறைவதற்கு முன் ஓடையோரம் போக வேண்டும். குடிலின் மேல் புதுச் சேறு பூசியிருக்கிறதா? முன்னால் தண்ணீரில் பச்சைக் கொப்புகளைக் குவித்து வைத்திருக்கிறதா? பனிக்காலம் முழுக்கத் தின்பதற்கு அது சேர்க்கும் தானியக் குதிர் அந்தக் குவியல். குவியல் இல்லாத குடில் பெரும்பாலும் காலி. பெரிதாக இருந்தால் குடும்பமும் பெரிது. அப்புறம் வெட்டுப்பட்ட கொப்பைக் கையில் எடுத்துப் பல் தடத்தைப் பார்ப்பார்கள். அகலத் தடம் வளர்ந்தது, குறுகிய தடம் இந்த வருஷக் குட்டி. இரண்டும் கலந்திருந்தால் தாய் தகப்பன், போன வருஷத்துப் பிள்ளைகள், இந்த வருஷக் குட்டிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டு வயதானவை வசந்தத்தில் வீட்டை விட்டுப் போய்ப் புது ஓடை தேடும். ஓய்வில் விட்ட இடத்தை மறுபடி நிரப்புவது இந்த இளவட்டங்கள்தான். கடும்பனியில் குடிலின் உச்சியில் பனி உருகி ஓர் ஓட்டை தெரிந்தால், உள்ளே மூச்சு இருக்கிறது.

பொறி வைப்பது பனிக்கட்டிக்கு அடியில். நீளக் கைப்பிடி போட்ட இரும்பு உளியால் கரையோரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். சத்தம் மாறும் இடத்தில் கட்டி மெலிசு, கீழே பீவரின் நடைபாதை. அது விட்ட மூச்சுக் குமிழிகள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்குள் உறைந்திருக்கும். அங்கே துளை போட்டு 330 என்ற பொறியை இறக்குவார்கள். 10 அங்குலச் சதுரச் சட்டங்கள் இரண்டு, பக்கத்துக்கு ஒரு வில். நீந்தி நுழைகிற பீவரின் கழுத்திலோ நெஞ்சிலோ சட்டம் அடித்துவிடும். வடித்தவர் வடக்குக் காடுகளில் பொறி வைத்தே வாழ்ந்த ஃபிராங்க் கானிபேர். 1950களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது.

தப்பு நடப்பதும் இங்கேதான். பொறியைக் கட்டும் கழி காய்ந்த ஸ்ப்ரூஸ் மரமாக இருக்க வேண்டும். பச்சைப் பாப்லரில் கட்டினால் கழியையே பீவர் கடித்து அறுத்துவிடும். பொறியும் போச்சு, விலங்கும் போச்சு. பச்சைக் கொப்பு இரைக்கு மட்டும். பொறியின் ஒரு மூலை பனிக்கட்டியில் பட்டாலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும், வில் விழாது. நடுக்குளிரில் ஓடை வற்றினால் சரியாக வைத்த பொறிகூட அந்தரத்தில் தொங்கும். துளையை ஸ்ப்ரூஸ் தழையும் பனியும் போட்டு மூடாவிட்டால் அடுத்த முறை பார்க்க வரும்போது மொத்தக் கட்டியையும் மறுபடி குத்த வேண்டும். அந்த வில் மனிதனின் மணிக்கட்டையும் உடைக்கும். அதனால் வில்லைப் பூட்டும் கொக்கியை மாட்டாமல் யாரும் கை வைப்பதில்லை, கை மாட்டிக்கொண்டால் வில்லை விலக்கி எடுக்க இடுப்பில் ஒரு கயிறும் இருக்கும்.

தோலின் விலை கத்தியைப் பொறுத்தது. நனைந்த பீவரை முதலில் பனியில் புரட்டுவார்கள், ஈரத்தைப் பனி இழுத்துக்கொள்ளும். மோவாய் முதல் வால் வரை அடிவயிற்றில் ஒரே கீறல். கொழுப்பைச் சுரண்டாமல் விட்டால் அது தோலை வேகவைத்து மயிர் உதிரும். கத்தி நழுவி ஓர் ஓட்டை விழுந்தால் விலை இறங்கும். வளைத்த மரச் சட்டத்தில் தோலை வட்டமாகக் கட்டி இழுக்கும்போது அளவு கூடட்டும் என்று அதிகம் இழுத்தால் மயிர் அடர்த்தி குறைந்து அதற்கும் விலை போகாது. அடுப்புப் பக்கம் வைத்துக் காயவைப்பது படுமோசம். நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் கூட்டித்தான் தரம் பிரிப்பார்கள்.

தோல் போனாலும் உணவு நிற்கிறது. வளர்ந்த பீவர் 20 கிலோவும் வரும், கறியில் நல்ல கொழுப்பு. மைனஸ் 30 டிகிரியில் நடக்கிறவருக்கு அந்தக் கொழுப்புதான் உயிர். எலும்பை நாய்க்குப் போடமாட்டார்கள். மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள், அல்லது தண்ணீருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். மரியாதை தவறினால் பீவர் அடுத்த முறை தன்னைத் தராது என்பது அவர்கள் நம்பிக்கை. எண்ணிப் பார்த்து அளவோடு எடுப்பதும் இந்த மரியாதையும் அவர்களிடம் இரண்டு தனி விஷயங்கள் கிடையாது.

வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் நல்லதும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். கால்பிடிப் பொறிக்கு எதிராக ஐரோப்பா 1991-இல் விதி கொண்டுவந்தது. அதன் விளைவாக 1997-இல் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் பொறிகளின் தரம் பற்றி ஒப்பந்தம் செய்தன. பீவருக்கான கொல்பொறி 300 விநாடிக்குள் விலங்கை நினைவிழக்கச் செய்ய வேண்டும், தோலுக்காகவே பிடிக்கப்படும் சிறு விலங்குகளான மார்ட்டனுக்கு 120, எர்மினுக்கு 45. சோதனையில் தேறாத பொறிகள் ஒதுக்கப்பட்டன. இரக்கம் வேலை செய்தால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு வகை இரக்கம் வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களை அடித்தது. 1983-இல் ஐரோப்பா தடை செய்தது வெள்ளை சீல் குட்டிகளின் தோலை. இனுயிட் மக்கள் வேட்டையாடியது பெரும்பாலும் வளர்ந்த வளைய சீல்களை, அதுவும் கறிக்காக. ஆனால் வாங்குகிறவர்கள் எல்லா சீல் தோலையும் கைவிட்டார்கள். பனிவண்டிக்கு எரிபொருளும் தோட்டாவும் வாங்கிய காசு நின்றது. 2009 தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு எழுதிவைத்தார்கள். சந்தை செத்தபின் விலக்கு எதற்கு?

நம் ஊரில் இருளர்களுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்தபோது பாம்புத்தோல் பிழைப்பு போனது. பாம்புக்கு அந்தத் தடை தேவைதான். ஆனால் 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்திராவிட்டால் அந்தக் கைத்திறன் ஒரே தலைமுறையில் போயிருக்கும். பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் விஷம் எடுத்து, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிக்கு மருந்து.

கிரீ மக்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு, ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1971-இல் அவர்கள் நிலத்தில் ஓடும் லா கிராண்ட் ஆற்றில் நீர்மின் திட்டம் அறிவிக்கப்பட்டது. வழக்குப் போட்டார்கள். 1973-இல் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார், ஒரே வாரத்தில் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு போயிற்று. வேட்டை எல்லைகள் பல தண்ணீருக்குள் போயின. கியூபெக், கனடா அரசுகளோடு செய்த 1975 ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டு வாங்கியது வேட்டைக்காரர் வருமானத் திட்டம். வேட்டையை முக்கிய வாழ்வாகக் கொண்டு ஆண்டில் நான்கு மாதமாவது அதில் கழிக்கிற குடும்பத்துக்கு, காட்டில் இருந்த நாட்களைக் கணக்கிட்டுப் பணம் வரும். தோலை எண்ணிக் காசு கொடுத்தால் அதிகம் கொல்லத் தோன்றும். நாளை எண்ணிக் கொடுப்பதால் விலை விழுந்த வருஷம் பீவரும் பிழைக்கிறது, குடும்பமும் பிழைக்கிறது. இதைவிட நல்ல காப்புத் திட்டம் எனக்குத் தெரியாது.

கியூபெக் அரசோடு செய்த 2002 ஒப்பந்தத்தில் மரம் வெட்டுவதற்கும் வேட்டை எல்லையே அலகாயிற்று. ஒவ்வோர் எல்லையிலும் 1 சதவீதத்தைத் தங்களுக்கு முக்கியமான தனி இடங்களாகவும், 25 சதவீதக் காட்டை விலங்குகளின் வாழிடத்துக்காகவும் டாலிமேன் குறித்துக் கொடுக்கலாம். சிக்கல் சாலையில் இருக்கிறது. மரம் வெட்டப் போட்ட சாலை வெட்டு முடிந்த பிறகும் கிடக்கும், அதில் வெளியாள் வண்டியோடு வருவான், 1920களில் ரயிலில் வந்து இறங்கியதைப் போலவே. எந்தச் சாலை எங்கே நிற்க வேண்டும், எது வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை முழுசாக அந்தக் கணக்குப்பிள்ளைக்கு வேண்டும் என்று யாராவது மனு எழுதினால் அனுப்புங்கள், முதல் கையெழுத்து போடுகிறேன்.