சம்பந்திகள் பார்த்த நடராஜர்

(சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இரவு ரயிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. மனைவிமார் இருவரும் தியாகராய நகருக்குப் புடவை எடுக்கப் போயிருக்கிறார்கள். கணவர்கள் கூட வந்தால் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்பதால் இங்கே இறக்கிவிட்டார்கள். நடேசன், கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பெண் கொடுத்தவர். அருணாசலம், தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுதித் தேய்ந்தவர், பெண் எடுத்தவர். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. யார் முதலில் உட்காருவது என்று இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கும் கட்டம்.)

அருணாசலம்: நீங்கள் முன்னால் போங்கள், சம்பந்தி.

நடேசன்: ஐயோ, மாப்பிள்ளை வீட்டார் நீங்கள். நீங்கள்தான் முதலில்.

அருணாசலம்: பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள். யாராவது ஒருவர் நுழைந்துதான் ஆக வேண்டும்.

நடேசன்: அப்படியானால் சேர்ந்தே நுழைவோம். எங்கள் தாத்தா இந்த இடத்தைச் செத்த காலேஜ் என்பார். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ்.

அருணாசலம்: இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தவைதான். அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. மிருகங்கள் 1855-இல் வந்து சேர்ந்தன, பிறகு வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போயின.

நடேசன்: எப்படி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள்?

அருணாசலம்: பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

(வெண்கலக் கூடம். நடேசன் முதல் சிலையின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.)

நடேசன்: அடடா! எத்தனை கிலோ இருக்கும்?

அருணாசலம்: சம்பந்தி, அது சோமாஸ்கந்தர்.

நடேசன்: தெரிகிறது. கும்பிட்டது பக்தி, கேட்டது தொழில். ஆனால் இப்படிக் கறுக்க விட்டிருக்கிறார்களே. இரண்டு உருண்டை புளி, கொஞ்சம் செங்கல்பொடி, அரை மணி நேரம் போதும். கல்யாண வீட்டு அண்டா மாதிரிப் பளபளக்கும்.

அருணாசலம்: மெதுவாகப் பேசுங்கள், காவலர் திரும்பிப் பார்க்கிறார். ஆயிரம் வருஷத்துக் கறுப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் உங்களையும் உள்ளே வைத்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அல்ல.

நடேசன்: தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறுமே?

அருணாசலம்: அதற்காகவே 1930-இல் இங்கே ஓர் ஆய்வுக்கூடம் வைத்துவிட்டார்கள். மண்ணில் கிடந்த சிலையில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பொடி பூக்கும். கவனிக்காவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர்.

நடேசன்: நோயா? நாற்பது வருஷமாகக் களிம்பு தேய்த்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். நான் ஒரு மருத்துவன் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை பாருங்கள்.

(திருவாலங்காட்டு நடராஜர். நடேசன் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் கடைக்கு வரும் வாடிக்கையாளர் யாரும் காணாத அதிசயம் இது.)

அருணாசலம்: என்ன, எடை கேட்கவில்லையே?

நடேசன்: அந்த வலது முழங்காலைப் பாருங்கள். முயலகன் முதுகில் ஊன்றிய ஒற்றைக் கால்தான் அத்தனையையும் தாங்குகிறது. மடங்கியிருக்கிறது, ஆனால் தள்ளாடவில்லை. என் கடையில் மூன்று கால் அடுப்பே ஆடுகிறது.

அருணாசலம்: அது சரி, திருவாசியைக் காணோமே?

நடேசன்: கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அருணாசலம்: பொறுப்பேற்றபோது 'திருவாசி இன்றி' என்று எழுதி வாங்கினார்களோ என்னவோ. எழுதாமல் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் நம் தலையில்தான் விழும்.

நடேசன்: இல்லாததே நல்லதாகப் போயிற்று. நெருப்பு வளையம் இருந்தால் கண் அதைச் சுற்றிக்கொண்டு ஓடும். இப்போது பாருங்கள், கைகளுக்கு நடுவில் இருக்கும் வெறும் இடம்கூட ஆடுகிறது.

அருணாசலம்: நீங்கள் பாத்திரக்கடைக்காரர் மாதிரிப் பேசவில்லையே!

நடேசன்: உங்கள் மருமகள் சொல்லிக் கொடுத்தது. ரோதேன் என்று ஒரு பிரெஞ்சுச் சிற்பி. இந்த நடராஜரைப் பற்றி உருகி உருகி எழுதினாராம். அது அச்சேறியது 1921-இல். அதற்கு நாலு வருஷம் முன்பே ஆள் போய்விட்டார்.

அருணாசலம்: இங்கே எப்போது வந்தார்?

நடேசன்: இந்தியாவுக்கே வரவில்லை. புகைப்படங்களைப் பார்த்து எழுதியதுதான்.

அருணாசலம்: (குரல் தழுதழுக்க) நேரில் போகாமலே அறிக்கை! நான் எத்தனை ஏரிகளுக்கு அப்படி எழுதியிருக்கிறேன், சம்பந்தி. எனக்கு விளக்கம் கேட்டு ஓலைதான் வந்தது.

நடேசன்: நீங்களும் கொஞ்சம் உருகி எழுதியிருக்க வேண்டும். இருக்கட்டும், கோயிலில் இருக்க வேண்டிய சாமிகள் எப்படி இங்கே வந்து சேர்ந்தன?

அருணாசலம்: இது என் பிரிவு, நான் சொல்கிறேன். படையெடுப்புக் காலத்தில் பயந்து மண்ணுக்குள் புதைத்தார்கள். புதைத்தவர்கள் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு எவனாவது வீட்டுக்கு வானம் தோண்டும்போது கடப்பாரையில் 'ணங்' என்று சத்தம் கேட்கும். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

நடேசன்: பத்து ரூபாய்க்கு இன்று நல்ல எலுமிச்சம்பழம்கூடக் கிடைக்காதே.

அருணாசலம்: எலுமிச்சம்பழத்தை யாரும் புதைப்பதில்லை. அப்படித்தான் எங்கள் அலுவலகத்துக்கும் ஒருமுறை ஓர் அம்மன் வந்தாள், சாக்கில் சுற்றி. பீரோவில் இடமில்லை. என் மேசைக்குப் பக்கத்திலேயே மூன்று வாரம் இருந்தாள். அந்த மூன்று வாரமும் மனு கொடுக்க வந்த யாரிடமும் நான் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

நடேசன்: அம்மன் போன பிறகு?

அருணாசலம்: அடுத்த சிலைக்குப் போவோமா, சம்பந்தி?

(போகிறார்கள்.)

அருணாசலம்: இவையெல்லாம் உள்ளே பொள்ளலா?

நடேசன்: பொள்ளலா! முழுக்கக் கன வார்ப்பு. சுவாமிமலை எங்களுக்குப் பக்கத்து ஊர், நான் பார்த்து வளர்ந்தவன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் சிலை செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடுகாட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரு கிலோ மெழுகு இருந்த இடத்தில் எட்டு ஒன்பது கிலோ உலோகம் உட்காரும். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார்.

அருணாசலம்: அச்சை உடைத்துவிட்டால் நகல் எடுப்பது எப்படி?

நடேசன்: நகலே கிடையாது. இன்னொன்று வேண்டுமென்றால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அருணாசலம்: மூலம் மட்டும், நகல் இல்லை! இந்தச் சோழர்கள் எப்படி அரசாங்கம் நடத்தினார்கள்? சரி, கன வார்ப்பு என்றால் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், இல்லையா?

நடேசன்: உடனே தெரியும்.

அருணாசலம்: என் மனைவிக்கும் உடனே தெரிந்தது.

(பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசையாகக் கடந்து போகும்வரை இருவரும் பேசவில்லை.)

நடேசன்: எதைச் சொல்கிறீர்கள்?

அருணாசலம்: பெரிதாக ஒன்றுமில்லை. சீர்வரிசையில் வந்த குத்துவிளக்கு. தண்டைத் தட்டினால் வேறு மாதிரி சத்தம் கேட்கிறதாம்.

நடேசன்: சம்பந்தி, அது நான்கடி விளக்கு. தண்டையும் கனமாக வார்த்தால் வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் மருமகள் அதைத் தூக்கித் துலக்குவது எப்படி? நடராஜரைத் தூக்க நாலு பேர் வருவார்கள். உங்கள் வீட்டில் யார் வருவார்கள், உங்கள் பிள்ளையா?

அருணாசலம்: நான் குறையாகச் சொல்லவில்லை. பதிவுக்காகச் சொன்னேன்.

(திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் வந்து நிற்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கைகளை எண்ணுகிறார்கள்.)

அருணாசலம்: மூன்று கைதான் இருக்கிறது!

நடேசன்: ஐயன் பாதிக்கு இரண்டு, அம்மன் பாதிக்கு ஒன்று. பதினோராம் நூற்றாண்டிலேயே பெண் வீட்டாருக்கு ஒரு கை குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அருணாசலம்: இருந்தாலும் அழகு அம்மன் பக்கத்தில்தான். இடுப்பு எப்படி வளைந்திருக்கிறது பாருங்கள்.

நடேசன்: பார்த்தேன். வளைந்து கொடுப்பதும் பெண் வீட்டார்தான்.

(வெளியே வரும் வழியில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு. நூலில் கட்டிய பேனா. அருணாசலத்தின் முகத்தில் எட்டு மாதத்தில் இல்லாத ஒளி.)

அருணாசலம்: பதிவேடு! என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். 'நன்று', 'மிக நன்று', 'சூப்பர்'. ஒரு பையன் 'கால் வலிக்கிறது' என்று எழுதியிருக்கிறான். உருப்படியான ஒரே கருத்து அதுதான்.

நடேசன்: நீங்கள் எழுதுங்கள், கை பழகிய ஆள்.

(பத்து நிமிஷம் ஆகிறது. பின்னால் ஐந்து பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.)

நடேசன்: இன்னும் முடியவில்லையா?

அருணாசலம்: 'பொருள்', 'பார்வை' இரண்டும் போட்டாயிற்று. கேளுங்கள்: 'மேற்கண்ட கூடத்திலுள்ள படிமங்கள் இன்று நேரில் பார்வையிடப்பட்டன. யாவும் கன வார்ப்பே என்றும், பொள்ளல் ஏதுமில்லை என்றும், இது பிறருக்கு ஒரு பாடமாக அமையும் என்றும் பணிந்து தெரிவிக்கப்படுகிறது.'

நடேசன்: அந்தப் 'பிறர்' யார்?

அருணாசலம்: பொதுவாகச் சொன்னது.

நடேசன்: பேனாவை இப்படிக் கொடுங்கள்.

(இரண்டே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார்.)

அருணாசலம்: என்ன எழுதினீர்கள்?

நடேசன்: 'மேலே உள்ள கருத்து ஒரு குத்துவிளக்கைப் பற்றியது. நடராஜர் பொருட்படுத்த வேண்டாம்.'

அருணாசலம்: பெயரும் ஊரும் எழுதாவிட்டால் செல்லாதே!

நடேசன்: எழுதிவிட்டேன். உங்களுடையதை.