முக்கால் புத்தகம் தாண்டியதும் வரும் பிரிவு

மின்நூல் வாசிக்கும் கிண்டிலில் 75 சதவீதம் என்று காட்டும்போதே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். அதுவரை ஒருவரை விட்டு ஒருவர் நகராமல் இருந்த இரண்டு பேரும் இன்னும் பத்துப் பதினைந்து பக்கத்துக்குள் பிரியப்போகிறார்கள் என்று தெரியும். எதற்காகப் பிரிவார்கள் என்பது மட்டும்தான் தெரியாது. அந்தக் காரணத்தை வைத்துத்தான் இப்போதெல்லாம் ஒரு காதல் நாவல் என் மனசில் தங்குமா தங்காதா என்பது முடிவாகிறது.

கடந்த சில மாதங்களாக இந்தக் காலத்து ஆங்கிலக் காதல் நாவல்களாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் 2016 முதல் வந்தவை. எப்படி இருக்கின்றன, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இரண்டு மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். வரிசையாக விமர்சனம் எழுத எனக்கு வராது. உள்ளே கிடந்து உறுத்துவதை எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. கதை முன்கூட்டியே தெரிந்தால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிகவும் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்', 2022இல் வந்தது. வேலை விஷயமாகச் சின்ன ஊருக்குப் போகிற காதலன், அங்கே ஒரு பெண்ணைப் பார்த்து மனம் மாறி, நகரத்துக் காதலியைப் போனிலேயே கைகழுவிவிடும் கதைகள் ஏராளம் உண்டு. அப்படிக் கைகழுவப்படும் நகரத்துக்காரிதான் இதில் கதாநாயகி. நோரா, நியூயார்க்கில் எழுத்தாளர்களுக்கான ஏஜென்ட். மற்ற கதைகளில் கையில் போனும் முகத்தில் சிடுசிடுப்புமாக இரண்டு பக்கம் வந்துவிட்டுப் போகிறவள். அவளை நடுவில் உட்காரவைத்து, அவள் ஏன் இப்படி இருக்கிறாள், சின்ன வயதில் யாருக்காக எதையெல்லாம் தாங்கினாள் என்று கேட்ட நாவல் இது. கேட்டுவிட்டு அவளைத் திருத்த முயலவில்லை. கடைசிவரை அவளுக்கு வேலை பிடிக்கிறது, நகரம் பிடிக்கிறது. அதற்காக அவளை யாரும் தண்டிக்கவில்லை.

தங்கைக்காக ஒரு சிற்றூருக்கு வருகிற நோரா, அங்கே சார்லியைப் பார்க்கிறாள். அவன் எடிட்டர், ஏற்கெனவே அவளோடு உரசிக்கொண்டவன். பெற்றோருக்கும் அவர்களுடைய புத்தகக் கடைக்கும் துணையாக அவன் அந்த ஊரில் இருந்தாக வேண்டும். அவளால் நியூயார்க்கை விட முடியாது. இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. என்ன பேசியும் வழி பிறக்கவில்லை என்பதால் பிரிகிறார்கள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பிறகு தங்கை அந்த ஊரிலேயே தங்கிக் கடையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாகி, சார்லி நியூயார்க் வந்து சேர்கிறான். முடிச்சு கொஞ்சம் சுலபமாகவே அவிழ்ந்துவிட்டது, மறுக்கமாட்டேன். ஆனால் முடிச்சு உண்மையான முடிச்சு. ஒரு போன் பேசினால் தீர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாத முடிச்சு.

நான் தேடுவது இதைத்தான். பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியான நூலில், காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறார். சந்திப்பு, ஈர்ப்பு, தடை என்று போகும் அந்தப் பட்டியலில், இனி இவர்கள் சேரவே மாட்டார்கள் என்று தோன்றும் இடமும் ஓர் உறுப்பு. அதற்கு அவர் தந்திருக்கும் பெயரைத் தமிழில் சடங்கு மரணம் என்று சொல்லலாம். ஆக, பிரிவு வரும் என்பதில் எனக்குப் புகார் இல்லை. செத்துப் பிழைக்கிற அந்த இடம் இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துச் சந்தோஷத்துக்கும் கனம் இருக்காது. என் புகாரெல்லாம் சாவுக்குக் காரணமே இல்லாமல் வெறும் சடங்காக நடப்பதைப் பற்றி. யாரோ யாரிடமோ அரைகுறையாகப் பேசியது காதில் விழும். பழைய காதலியோடு நிற்பது தூரத்திலிருந்து கண்ணில் படும். உடனே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். முந்நூறு பக்கமாக ஒருவரை ஒருவர் அணு அணுவாகத் தெரிந்துகொண்ட இரண்டு பேர், "நீ அப்படிச் சொன்னாயா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அப்போது முந்நூறு பக்கத்துக் காதலின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

நம்மிடம் இதற்குத் தனித்தனியாகச் சொற்களே இருக்கின்றன. புலவி (சின்னப் பிணக்கு), ஊடல், துனி (முற்றிய பிணக்கு), பிரிவு. நான்கும் ஒன்றில்லை. புலவி என்ற அதிகாரத்தில், 1302ஆம் குறளில், புலவியை உப்பு என்கிறார் வள்ளுவர். அளவாக இருந்தால் சுவை. கொஞ்சம் நீளவிட்டாலும் உப்புக் கூடிப்போன மாதிரி. காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். நான் வாசித்து மூடிவைத்த பல நாவல்களில் ஊடலாக இருந்து அன்று மாலையே தீர்ந்திருக்க வேண்டியதை இழுத்து இழுத்துப் பிரிவாக்கியிருந்தார்கள்.

அதே எமிலி ஹென்றியின் 'ஹேப்பி ப்ளேஸ்' (2023) பற்றித் தோழியோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். ஹாரியட்டும் வின்னும் ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள். நண்பர்களிடம் சொல்லவில்லை. வருடா வருடம் எல்லோரும் கூடும் கடலோர வீட்டில், இன்னும் சேர்ந்திருப்பதுபோல ஒரு வாரம் நடிக்க வேண்டும். பிரிவைக் கடைசியில் வைக்காமல் முதல் பக்கத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, ஏன் பிரிந்தார்கள் என்பதை உரித்து உரித்துக் காட்டும் அமைப்பு எனக்குப் பிடித்திருந்தது. தோழி ஒத்துக்கொள்ளவே இல்லை. "இவ்வளவு நாள் சேர்ந்து இருந்தவங்க, போன்ல முடிச்சுக்கிட்டு ஏன்னுகூடக் கேட்க மாட்டாங்களா? இதைத்தானே நீ வேற புத்தகத்துல திட்டினே?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது. வின்னுக்கு அப்பா இறந்த துக்கம். தான் அவளுக்குச் சுமை என்ற நினைப்பு. ஹாரியட்டோ சின்ன வயதிலிருந்தே யாரோடும் சண்டை வந்துவிடக் கூடாது என்று வாயை மூடி வளர்ந்தவள். பேசாமல் இருப்பதுதான் அவர்களுடைய நோயே. அந்த நோயைப் பற்றித்தான் நாவலும் பேசுகிறது. கதையை நகர்த்துவதற்காக யாரும் அவர்கள் வாயைக் கட்டவில்லை.

ஆனால் அந்த நாவலின் முடிவை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. ஹாரியட் அறுவை சிகிச்சைப் பயிற்சியை விட்டுவிட்டு, வின் இருக்கும் அமெரிக்க மாநிலமான மொன்டானாவுக்குப் போய் மண்பாண்டம் செய்யப் போகிறாள். அந்தப் படிப்பே பெற்றோரைத் திருப்திப்படுத்தத்தான் என்று நாவல் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது, உண்மைதான். பிடிக்காத வேலையை எத்தனை வருஷம் படித்திருந்தாலும் விடலாம் என்பதும் எனக்குச் சம்மதமே. இருந்தாலும் இடம் மாறுவதும் வேலையை விடுவதும் அவளாகவே ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வி புத்தகத்தை மூடிய பிறகும் போகவில்லை. நோராவை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது என்பதால் கூடுதலாக வலித்தது.

அலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைப்பாதிசிஸ்' (2021) வேறு மாதிரி. ஸ்டார் வார்ஸ் படப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் புனைவாகப் பிறந்து பிறகு நாவலான கதை. எழுதியவர் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதனால் ஆய்வுக்கூடத்துச் சூழல் பொய்யாக இல்லை. நிதிக்காக அல்லாடுவது, யாராவது பெரியவர் தன் கூடத்தில் இடம் தரமாட்டாரா என்று மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆடம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை சொல்வதைக் குறைத்திருக்கலாம். மாணவி ஆலிவும் பேராசிரியர் ஆடமும் காதலிப்பதுபோல நடிக்கிறார்கள். அவன் அவளுடைய வழிகாட்டி இல்லை என்று சொல்லி நாவல் அந்த ஏற்றத்தாழ்வைக் கடந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

ஆனால் பிரிவு வரும் இடத்தில் நான் முழுக்க ஆலிவ் பக்கம். ஆடமின் நெருங்கிய நண்பனான இன்னொரு விஞ்ஞானி அவளிடம் அத்துமீறுகிறான். சொன்னால் யாரும் உன்னை நம்பமாட்டார்கள் என்கிறான். அவள் ஆடமிடம் அதைச் சொல்லாமல், பொய்க் காரணம் காட்டி விலகுகிறாள். "வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று இந்த இடத்தில் எரிச்சல்பட்ட வாசகர்கள் நிறைய. நான் எரிச்சல்படவில்லை. படிப்பும் வருங்காலமும் பெரிய மனிதர்களின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் வயதில், நானும் ஒருமுறை ஒன்றைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன். அந்த மௌனத்துக்கு என்ன எடை என்று எனக்குத் தெரியும். அவள் ஆடமை நம்பாததால் மௌனமாக இல்லை. அவனுடைய நட்பும் ஆராய்ச்சியும் தன்னால் உடைந்துவிடுமோ என்று பயந்து மௌனமாகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் வழக்கமான 'பேசாமல் பிரிவது'தான். உள்ளே இருக்கும் காரணம் வேறு. எல்லா மௌனத்தையும் ஒரே தராசில் வைத்து மிஸ்கம்யூனிகேஷன் ட்ரோப் (பேசாததால் பிரியும் வழக்கமான உத்தி) என்று ஒதுக்குவதை நாம் நிறுத்த வேண்டும் என்று இந்த நாவலுக்குப் பிறகு எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, யார் கண்வழியாகக் கதை சொல்லப்படுகிறது என்பது. சாலி தோர்னின் 'தி ஹேட்டிங் கேம்' (2016) முழுக்க லூசியே சொல்லும் கதை. அலுவலகத்தில் அவளுடைய எதிர் மேஜைக்காரன் ஜோஷுவாவின் மனம் நமக்குத் திறப்பதே இல்லை. அவன் படுக்கையறைச் சுவருக்கு அவள் கண்ணின் நிறத்தையே பூசியிருக்கிறான் என்று தெரிந்த பிறகு நான் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். முறைப்பு என்று நினைத்த ஒவ்வொன்றும் வேறாகத் தெரிந்தது. ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷியன்ட்' (2018) நேர் எதிர். ஸ்டெல்லாவின் மனமும் மைக்கேலின் மனமும் மாறி மாறித் திறக்கின்றன. தான் அவளுக்குத் தகுதியில்லாதவன் என்று அவன் விலகும்போது, அவள் எவ்வளவு நேசிக்கிறாள் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஸ்டெல்லா ஆட்டிசம் உள்ளவள். வளர்ந்த பிறகு தனக்கே ஆட்டிசம் என்று அறிந்துகொண்ட எழுத்தாளர் எழுதியது. சத்தமும் வாசனையும் துணியின் தையலும் அவள் உடம்பை எப்படித் தொந்தரவு செய்கின்றன என்பதை வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்கவே முடியாது.

டாலியா ஹிப்பர்ட்டின் 'கெட் எ லைஃப், க்ளோயி பிரவுன்' (2019) பற்றி ஒரே ஒரு விஷயம். க்ளோயிக்குத் தீராத உடல்வலி, ஃபைப்ரோமயால்ஜியா. காதல் வந்ததும் வலி போய்விடவில்லை. கடைசிப் பக்கத்திலும் வலி இருக்கிறது, பக்கத்தில் காதலன் ரெட்டும் இருக்கிறான். அந்த நேர்மைக்காகவே இந்த எழுத்தாளரின் மற்ற புத்தகங்களையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

பிரிவு எங்கே வர வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் 1813க்குத்தான் போகிறேன். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' மொத்தம் 61 அத்தியாயம். டார்சி முதல்முறை மணம் செய்யக் கேட்பதும், எலிசபெத் முகத்தில் அடித்தமாதிரி மறுப்பதும் 34ஆம் அத்தியாயத்தில். அதற்குப் பிறகு கிட்டத்தட்டப் பாதிப் புத்தகம் மிச்சம் இருக்கிறது! அந்தப் பாதி முழுக்க இரண்டு பேரும் மெல்ல மெல்ல மாறுகிறார்கள். தன் தவறு தனக்கே புரிய ஒருத்திக்கு எவ்வளவு நாளாகும் என்று ஆஸ்டினுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதைய நாவல்கள் பலவற்றில் 78 சதவீதத்தில் பிரிந்து, 90இல் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, 95இல் எல்லாம் சரியாகிவிடுகிறது. மன்னிப்புக் கேட்பவர் மாறியதற்குப் பக்கமே கொடுக்கவில்லையே, எதை நம்பி அவள் திரும்பிப் போவாள்?

அந்த அவகாசத்தைத் தந்த அண்மை நாவல் டேவிட் நிக்கல்ஸின் 'யூ ஆர் ஹியர்' (2024). நாயகிக்கு 38, நாயகனுக்கு 42. இரண்டு பேரும் ஒரு திருமணம் முறிந்து அடிபட்டவர்கள். இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடைபாதையில் மழையில் நனைந்தபடி நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பேசாமலும் நடக்கிறார்கள். நடக்கிற வேகத்திலேயே நெருக்கம் வருகிறது. இதிலும் ஒரு மறைப்பு உண்டு, பிரிவு உண்டு. ஆனால் நாற்பது வயதில் மறுபடி ஒருவரை நம்புவதற்கு எடுக்கும் நேரத்தை நிக்கல்ஸ் திருடவில்லை. இருபத்தைந்து வயதுக்காரர்களைப் பற்றியே வாசித்துக் களைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

காதல் நாவல் என்றாலே முடிவு தெரிந்ததுதானே, அதில் என்ன இலக்கியம் என்று ஒருவர் என் பழைய பதிவு ஒன்றில் கேட்டிருந்தார். அன்று பதில் சொல்லவில்லை. எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) இதே கேள்வியைக் கதையாக்கியிருக்கிறது. காதல் கதை எழுதும் ஜனவரி, அப்பாவின் இறுதிச் சடங்கில் அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்ததை அறிகிறாள். அதற்குப் பிறகு அவளால் ஒரு சந்தோஷமான முடிவை எழுத முடியவில்லை. சந்தோஷ முடிவில் நம்பிக்கையே இல்லாத எழுத்தாளன் பக்கத்து வீட்டில். இவள் அவன் மாதிரி எழுத வேண்டும், அவன் இவள் மாதிரி எழுத வேண்டும் என்று பந்தயம். பிடிப்பே இல்லாதபோது சந்தோஷத்தை எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் உணர்ந்தேன். அப்பா அவளுக்கு எழுதிவைத்துப்போன கடிதங்கள் வரும் பகுதியை மூன்று முறை வாசித்துவிட்டேன். அந்த நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருக்குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை. 1330ஆம் குறள், ஊடல் தீர்ந்து கூடித் தழுவும் இன்பத்தில் முடிகிறது. அறமும் பொருளும் பேசிய புத்தகத்தின் கடைசி வரியே அதுதான்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நடுவிலேயே பெரிய சண்டை வந்து, மிச்சப் பாதி முழுக்க இருவரும் சேர்ந்து அதைச் சரிசெய்யும் நாவல் எதையாவது சமீபத்தில் வாசித்திருக்கிறீர்களா? நாயகன் நாயகி நாற்பதைத் தாண்டியவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. பெயரை மட்டும் கமெண்டில் போடுங்கள், முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.