டயரை முதலில் முடிவு செய்யுங்கள், உயரத்தைப் பிறகு தூக்கலாம்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வட்டாரத்தில் உயரம் தூக்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. மஹிந்திரா தார், கூர்க்கா, வி-கிராஸ், ஹைலக்ஸ் என்று எதை வாங்கினாலும், வாங்கிய சில மாதங்களுக்குள் சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் என்ன டயர் போடலாம் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையே தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து. முதலில் தீர்மானிக்க வேண்டியது டயர். அந்த டயர் எங்கும் உரசாமல் திரும்புவதற்கும் மேலே ஏறி இறங்குவதற்கும் எவ்வளவு இடம் தேவையோ, அவ்வளவுதான் வண்டியைத் தூக்க வேண்டும்.

காரணம் எளிது. சஸ்பென்ஷனைத் தூக்கினால் உயர்வது சேஸியும் அதன் மேலுள்ள உடலும் மட்டுமே. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், தூக்குவதற்கு முன் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் இருக்கும். பாறையிலோ வண்டித்தடத்தின் நடு மேட்டிலோ முதலில் இடிபடுவது அந்த உருண்டைதான். அதை உயர்த்தும் வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே. அப்போதும் கூடிய விட்டத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

தடா தாண்டி ஸ்ரீசிட்டியில் தயாராகும் வி-கிராஸையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் தரும் 255/60 ஆர்18 டயரின் (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்) விட்டம் ஏறத்தாழ 763 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்படும் 285/70 ஆர்17, அதாவது '33 இன்ச்' என்று கடைகளில் சொல்லப்படும் அளவு, 831 மில்லிமீட்டர் வரும். வித்தியாசம் 68 மில்லிமீட்டர். டிஃபரன்ஷியல் உயர்வது 34 மில்லிமீட்டர். மூன்று விரற்கடைகூட வராத இந்த உயரத்துக்காக நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை.

விட்டம் 9 சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரிலும் டயர் தரையைத் தள்ளும் இழுவிசை சுமார் 8 சதவீதம் குறையும். ஆறாவது கியரில் நிம்மதியாக ஓடிய வண்டி ஐந்தாவதைக் கேட்கும். சுமையோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் கூடுதலாக வழுக்கும். வெளிநாடுகளில் இதற்காகவே டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களை வேறு விகிதத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான மாடல்களுக்கு அப்படிப்பட்ட பல்சக்கரங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: முள் 80இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 87இல் போய்க்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் மேலாக எடை. தடித்த பக்கச்சுவர் கொண்ட, சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் டயரில் சக்கரம் ஒன்றுக்குப் பத்து கிலோ வரை கூடுவது சாதாரணம். அந்த எடையைச் சுழற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்; ஆனால் பிரேக் டிஸ்க் அதே பழைய அளவில்தான் இருக்கிறது. பால் ஜாயின்ட், டை ராட், வீல் பேரிங் ஆகியவை சீக்கிரம் தேய்வதற்கும் இதுவே காரணம்.

மூலக்கடை அருகே உள்ள ஓர் அலைன்மென்ட் கடையில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். இளைஞர் ஒருவர் புதிதாகத் தூக்கிய பிக்கப்பைக் கொண்டுவந்திருந்தார். டயர் 33 இன்ச். ரிம்மும் வெளியே தள்ளி நிற்கும் ரகம். நேராக நின்றபோது எல்லாப் பக்கமும் தாராளமாக இடம் தெரிந்தது. கடையின் மூத்த மெக்கானிக், “தம்பி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ரிவர்ஸ் எடு” என்றார். சக்கரம் பாதி சுற்றுவதற்குள் கரகரவென்று சத்தம். அவர் மண்டியிட்டு, சக்கரக் கூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். உள்ளங்கை நீளத்துக்குப் பளபளப்பான கறுப்புத் தடம் விழுந்திருந்தது. மண் படுதாவின் ஓரம் சுருண்டு, டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள், கடித்த பல்வரிசை அதில் அப்படியே பதிந்திருந்தது. “இன்னும் ஒரு இன்ச் தூக்கிட்டா சரியாயிடுமாண்ணே?” என்று கேட்டார் இளைஞர். “தூக்கினா நிக்கும்போதுதான் இடம் கிடைக்கும். பள்ளத்துல அமுங்கும்போது சக்கரம் பழைய இடத்துக்குத்தானே ஏறி வரும்?” என்றார் மெக்கானிக்.

இந்தப் பதிவில் நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகிறது. ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் கட்டை) வைத்துத் தூக்குவதால் சக்கரம் மேலே ஏறக்கூடிய எல்லை மாறுவதில்லை. ஆகவே, டயர் பொருந்துகிறதா என்பதை வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு முன்சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றி, சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்க வேண்டும். ரிம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறதோ, அந்த அளவுக்கு டயர் திரும்பும்போது வரையும் வட்டமும் பெரிதாகும். 33 இன்ச் டயர் உரசுவதற்கு டயரைவிட ரிம்மே காரணமாக இருக்கும் வண்டிகள் உண்டு.

அடுத்ததாக, பட்டனின் ரகம். இங்கே நம் ஊரை மறந்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை. வார இறுதியில் நாகலாபுரம் மலைப் பக்கமோ வேறு காட்டுப் பாதையிலோ போகலாம்; மற்ற நாட்களில் இந்த வண்டிகள் ஓடுவது எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான். அந்தச் சாலைகளில் டீசலும் என்ஜின் ஆயிலும் சொட்டிச் சொட்டி ஒரு படலமாகப் படிந்திருக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழுந்ததும் அந்தப் படலம் நீரோடு கலந்து வழுக்கத் தொடங்கும். மட்-டெரெய்ன் டயரின் அகன்ற பள்ளங்கள் தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் நன்றாகவே வெளியேற்றும். ஆனால் ஈரத் தாரைப் பற்றிப் பிடிப்பதற்குத் தேவையான மெல்லிய கீறல்கள் அதன் பெரிய கட்டைகளில் குறைவு, தரையைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. முன்னால் போகும் ஷேர் ஆட்டோ சட்டென்று நிற்கும் இடத்தில் நமக்கு வேண்டியது சேற்றுப் பிடிப்பு அன்று. நகரத்தில் வாழ்ந்துகொண்டு எப்போதாவது கரடுமுரடான பாதைக்குப் போகிறவர்களுக்கு, இரண்டு வகைப் பாதைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயரே சரியானது. வாரம் முழுவதும் சேற்றிலேயே வேலை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் மட்-டெரெய்னைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையைச் சுற்றிய சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. லாரிகளிலிருந்து விழும் கம்பித் துண்டும் போல்ட்டும் சாலையோரத்தில் கிடந்துகொண்டே இருக்கும். பட்டனில் ஆணி ஏறினால் எந்தப் பஞ்சர் கடையிலும் அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரின் ஆயுள் அங்கேயே முடிந்தது. பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்பது டயரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். அதேபோல் ரிம்மைப் பெரிதாக்கி டயரின் சுவரைக் குறைக்காதீர்கள். 255/60 டயரின் சுவர் 153 மில்லிமீட்டர். 265/70 என்றால் 185க்கு மேல். மழைக்காலத்தில் நம் தெருக்களில் தண்ணீருக்கடியில் ஒளிந்திருக்கும் பள்ளங்களில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தக் கூடுதல் 32 மில்லிமீட்டர்தான். பிரேக் காலிப்பர் இடம் கொடுக்குமானால், 18 அங்குல ரிம்மிலிருந்து 17க்கு இறங்குவது நல்ல முடிவு.

அப்படியானால் எந்த அளவு? மேலே சொன்ன வி-கிராஸ் போன்ற வண்டிக்கு 265/70 ஆர்17 போதும் என்பேன். விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர். டிஃபரன்ஷியல் 20 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் பிழை சுமார் 5 சதவீதத்தோடு நிற்கும். தாரில் 255/65 ஆர்18 டயரின் விட்டம் தொடக்கத்திலேயே 789 மில்லிமீட்டர் இருப்பதால், பெரும்பாலானவர்களுக்கு அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்டாலே தேவை தீர்ந்துவிடும்.

சுமைக் குறியீட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. டயரில் 112 என்று இருந்தால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. இவை ஒரு டயர் தாங்கும் அதிகபட்ச எடைகள். நிறுவனம் தந்த டயரின் எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. அளவுக்கு முன்னால் 'எல்டி' என்ற எழுத்துகள் இருந்தால் அது இலகு ரக லாரிக்கான கட்டுமானம். அதே சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஆகவே கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் இந்த டயருக்குச் செல்லாது. தயாரிப்பாளரின் சுமை அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பிறகு பட்டனின் குறுக்கே சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போட்டு, காய்ந்த நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் அழிந்து நடுவில் மிஞ்சியிருந்தால் காற்று குறைவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக, வழக்கமான சுமையோடு இதைச் செய்ய வேண்டும்.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்ற முடியாது என்று உறுதிபடக் கூறியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தெரிவிக்காமல் செய்த மாற்றம் காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் தகராறாகும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உடலை வெட்டியும் இழுத்தும்தான் ஒரு டயரைப் பொருத்த முடியும் என்றால், அந்த அளவைக் கைவிடுவதே நல்லது.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து பெரிய அளவுகள் பலவற்றுக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் உண்டு. நல்லவேளையாக, உள்நாட்டு ஆல்-டெரெய்ன் டயர்கள் இப்போது தரத்தில் தேறிவிட்டன. 1946இல் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்த நிறுவனம் எங்கள் திருவொற்றியூரில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு; என்றாலும் பெயரை மட்டும் பார்த்து எந்த டயரையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டைத் தேடுங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. அரிதாக விற்கும் அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

நான்கு டயர் வாங்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது இந்த வண்டிகளில் ஆபத்து. வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் நேரடியாகப் பிணைக்கப்படுகின்றன. ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருக்கும்போது அந்த இயக்கத்தைப் போட்டால், இரு அச்சுகளுக்கும் விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கத்தில் சிக்கும். ஐந்தும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்கட்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் ஐந்தும் சமமாகத் தேயும். பிக்கப்பில் தொட்டிக்கு அடியில் பெரிய ஸ்டெப்னி ஏறுகிறதா, தாரில் பின்கதவின் கீல் அந்த எடையைத் தாங்குகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

புது டயர் போட்ட உற்சாகத்தில் பழவேற்காடு பக்கம் கடற்கரை மணலில் ஏற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. தயவுசெய்து வண்டியைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

டயர் மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அலைன்மென்ட்டையும் புதிதாகச் செய்யுங்கள். கூடவே முகப்பு விளக்குகளையும் தாழ்த்தச் சொல்லுங்கள். சஸ்பென்ஷனும் டயரும் சேர்ந்து விளக்கை உயர்த்திவிடுவதால், லோ பீமே எதிரில் வருபவரின் கண்ணுக்கு நேராகப் பாயும். பல கடைகளில் இதைக் கேட்டால்தான் செய்கிறார்கள். எண்ணூர் சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து இருசக்கர வண்டியில் வருபவருக்கு ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, மறுபக்கம் மணல் மேடு. ஒரு நொடி கண் கூசினாலும் அவர் ஒதுங்குவதற்கு அங்கே இடம் இல்லை.